ஐரிஷ் மொழியில் வணக்கம்: நடுவில் ஏன் கடவுளும் மேரியும் வருகிறார்கள்?

2011 மே 18, டப்ளின் கோட்டையில் அரசு விருந்து. அயர்லாந்து தனி நாடான பிறகு அங்கே கால்வைத்த முதல் பிரிட்டிஷ் முடியரசரான இரண்டாம் எலிசபெத் பேச எழுந்து, ‘அ ஊஅக்தரான் அகஸ் அ ஹார்ஜா’ என்று ஆரம்பித்தார். அயர்லாந்தின் அன்றைய குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் ‘வாவ்’ என்று வாயசைத்தது கேமராவில் பதிவானது. கைதட்டல் எழுந்தது. அரசி சொன்னதன் பொருள் ‘குடியரசுத் தலைவரே, நண்பர்களே’. அவ்வளவுதான்.

ஐந்து சொற்களுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? அயர்லாந்துச் செய்திகளைக் கவனிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தலைவர்கள் பேச்சை ஐரிஷில் தொடங்குவார்கள், கொஞ்ச நேரத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். 2023 ஏப்ரலில் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பேசிய ஜோ பைடனும் ‘தா மே ச வாலியா’ (நான் வீட்டில் இருக்கிறேன்) என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தார். இப்படிச் சபைக்காகச் சொல்லும் ஓரிரு ஐரிஷ் சொற்களுக்கு அங்கே ஒரு பெயரே உண்டு: கூப்லா ஃபொகல். ‘ரெண்டு வார்த்தை’ என்று வைத்துக்கொள்ளலாம். பாராட்டாகவும் சொல்வார்கள், கிண்டலாகவும் சொல்வார்கள்.

அந்த ரெண்டு வார்த்தை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால் ஐரிஷ் வணக்கங்கள் குழப்பமானவை. உள்ளே இருக்கும் சின்னச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால், ஆங்கிலேயரைவிடத் தமிழருக்கு அவை எளிதாகப் பிடிபடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாம் வழுக்கி விழுவோம். அதைப் பிறகு பார்ப்போம்.

எது ஐரிஷ்?

1. ஐரிஷ் என்பது அயர்லாந்து உச்சரிப்பில் பேசும் ஆங்கிலம் இல்லை. அது செல்டிக் கிளையைச் சேர்ந்த தனி மொழி. அந்த மொழியிலேயே அதன் பெயர் கேல்கா. வெளியூர்க்காரர்கள் ‘கேலிக்’ என்பார்கள். ஆனால் அயர்லாந்தில் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஐரிஷ்’ என்பதே வழக்கம். கேலிக் என்றால் ஸ்காட்லாந்தின் உறவு மொழி என்று நினைத்துக்கொள்ள இடம் உண்டு.

2. 1937 அரசியலமைப்பின்படி அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி ஐரிஷ், ஆங்கிலம் இரண்டாவது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் போதாததால் முழு அந்தஸ்து தள்ளிப்போய் 2022 ஜனவரி 1இல்தான் வந்தது. பிரிட்டனின் கீழ் இருக்கும் வட அயர்லாந்தில் 2022 டிசம்பரில் ஒரு சட்டம் அதற்கு அதிகாரப்பூர்வ அங்கீகாரம் தந்தது.

3. இப்போது இரண்டு எண்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஐரிஷ் பேச வரும்’ என்று சொன்னவர்கள் 18,73,997 பேர், அதாவது பத்தில் நான்கு பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் கூப்லா ஃபொகல் வாழ்கிறது. நாடு முழுக்கப் பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறார்கள். வளர்ந்த பிறகு பலருக்கும் மிஞ்சுவது வணக்கமும், ‘நான் கழிப்பறைக்குப் போகலாமா?’ என்று டீச்சரிடம் கேட்ட அந்த ஒரு வாக்கியமும்தான். அயர்லாந்துக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய ஜோக் இது. மறுபக்கம், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் ஏராளமானோர் மேற்குக் கரையின் ஐரிஷ் பேசும் ஏழைகள். அந்த நினைவு போகவில்லை. அதனால்தான் ஒரு ‘நண்பர்களே’ ஐரிஷில் வந்தால், அதுவும் பிரிட்டிஷ் அரசியின் வாயிலிருந்து வந்தால், சபை நிமிர்ந்து உட்காருகிறது.

வீட்டு மொழியாகவே ஐரிஷ் நிற்கும் ஊர்ப்பகுதிகளுக்குக் கேல்தக்த் என்று பெயர். டொனிகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு, மீத் ஆகிய மாவட்டங்களில் அவை துண்டுதுண்டாகக் கிடக்கின்றன.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே தமிழில் எழுதியிருப்பவை கிட்டத்தட்டத்தான் சரி. ‘த்விச்’ என்பதன் முதல் ஒலியைப் ‘பந்து’வில் வரும் த போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘தா’, ‘தூ’ என்பவற்றைத் ‘தாத்தா’வில் வரும் முதல் த போலச் சொன்னால் போதும். ஆங்கிலேயர் நாக்குக்கு இந்த பல்லொலி கஷ்டம், நமக்கு இலவசம்.

ஜீஅ த்விச்: வணக்கமா, வாழ்த்தா?

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் வணக்கம் ‘ஜீஅ த்விச்’. ஜீஅ என்றால் கடவுள், த்விச் என்றால் உனக்கு. ‘கடவுள் உனக்கு’ என்று பாதியில் நிற்கிறதே என்று தோன்றும். நிற்கத்தான் செய்கிறது. முழு வாக்கியம் ‘கு ம்யன்னீ ஜீஅ த்விச்’, ‘கடவுள் உனக்கு ஆசி தரட்டும்’. பேச்சில் தேய்ந்து தேய்ந்து வினைச்சொல் உதிர்ந்துவிட்டது.

வாழ்த்து என்பதால் பதில் அதே சொல்லாக இருப்பதில்லை. வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தர வேண்டும்:

1. முதல் ஆள்: ஜீஅ த்விச். (கடவுள் உனக்கு.)

2. இரண்டாம் ஆள்: ஜீஅஸ் ம்விரா த்விச். (கடவுளும் மேரியும் உனக்கு.)

3. பேச்சு நீண்டால், அல்லது விளையாட்டாக: ஜீஅஸ் ம்விரா த்விச் இஸ் பாத்ரிக். (கடவுளும் மேரியும் பாட்ரிக்கும் உனக்கு.) பாட்ரிக் அயர்லாந்தின் காவல் புனிதர்.

இரண்டாவது வரியில் உள்ள ‘ம்விரா’ கன்னி மரியாளுக்கு மட்டுமே உரிய வடிவம். ஊரில் பெண்களுக்கு வைக்கும் மேரி என்ற பெயர் ‘மாரா’. ஒரே பெயர்தான், ஆனால் மாதாவுக்குத் தனி எழுத்துக்கூட்டு ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் யோசிப்பதில்லை; நாத்திகர் வாயிலும் ‘அடக் கடவுளே’ வருவது போலத்தான். யோசிப்பவர்கள் ‘ஹாய்’ என்று சொல்லிவிட்டு நேரே ‘எப்படி இருக்கிறாய்’ என்பதற்குப் போய்விடுவார்கள். வயலில் வேலை செய்கிறவரைப் பார்த்தால் ‘வேலைக்குக் கடவுளின் அருள்’ என்று வாழ்த்தும் பழைய வழக்கமும் உண்டு. வெயில் அடித்தால் ‘லா ப்ரா’, அருமையான நாள் என்றாலே வணக்கம் ஆயிற்று. அயர்லாந்தில் வெயில் அடிப்பது வாழ்த்துக்குரிய விஷயம்தான்.

‘மஜின் வஹ்’ (நல்ல காலை) என்றும் சொல்லிக் கேட்கலாம். இது ஆங்கிலத்தைப் பார்த்து உண்டாக்கியது. நம் ‘காலை வணக்கம்’ போல. தவறில்லை, ஆனால் ஊறிய பேச்சில் அதன் இடம் சின்னது. இரவில் சொல்லும் ‘ஈஹா வஹ்’ (நல்ல இரவு) அதைவிட நன்றாக வேரூன்றிவிட்டது.

பூட்டைத் திறக்கும் சின்னச் சொற்கள்

‘த்விச்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐரிஷ் கற்கும் ஆங்கிலேயர்கள் திணறும் இடம் இது. ஆங்கிலத்தில் ‘உனக்கு’ என்பது இரண்டு சொல். ஐரிஷில் ஒரே சொல். தும் என்றால் எனக்கு, த்விச் உனக்கு, தோ அவனுக்கு, ஜி அவளுக்கு, தூன் எங்களுக்கு, தீவ் உங்களுக்கு, தோவ் அவர்களுக்கு. இலக்கண நூல்கள் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கும். ‘எனக்கு, உனக்கு, அவனுக்கு’ என்று பேசிப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

வணக்கத்தில் தொடங்கி விடைபெறுவது வரை மரியாதைச் சொற்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஐந்து சொற்களைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன:

1. த்விச், உனக்கு. வணக்கத்தில் பார்த்துவிட்டோம். பண்டிகை வாழ்த்திலும் இதுதான். கிறிஸ்துமஸுக்கு ‘நொல்லிக் ஹொனா த்விச்’, மார்ச் 17 பாட்ரிக் திருநாளுக்கு ‘லா ஏலா பாத்ரிக் சொனா த்விச்’.

2. அகத், உன்னிடம். நன்றி சொல்ல ‘கு ரெவ் மஹ் அகத்’. சொல்லுக்குச் சொல் ‘உன்னிடம் நன்மை இருக்கட்டும்’. நன்றியும் ஒரு வாழ்த்துதான், பாருங்கள். வேகமாகச் சொல்லும்போது ‘குரமஹகத்’ என்று ஒரே மூச்சில் வரும். ஆங்கிலத்தில் உள்ளது போல ‘உடைமை’ காட்டும் வினை ஐரிஷில் இல்லை. பொருள் நம்மிடம் இருக்கும், அவ்வளவே. மொழி தெரியும் என்பதற்கும் இதே வழி: ‘தா கேல்கா அகம்’, ஐரிஷ் என்னிடம் இருக்கிறது. இந்த ‘அகம்’ தமிழ் அகம் போலக் கேட்பது தற்செயல்தான். இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்க வேண்டாம்.

3. ரோஅத், உன் முன்னே. நன்றிக்குப் பதில் ‘தா ஃபால்ச்சா ரோஅத்’, உன் முன்னே வரவேற்பு இருக்கிறது. ஃபால்ச்சா என்ற சொல்லை விமான நிலையத்திலும் ஊர் எல்லையிலும் பார்க்கலாம். அந்நாட்டுச் சுற்றுலா வளர்ச்சி அமைப்பின் பெயரே ‘ஃபால்ச்சா அயர்லாந்து’. ‘கேத் மீலா ஃபால்ச்சா’ என்றால் நூறாயிரம் வரவேற்புகள். கணக்குப் போட்டால் ஒரு லட்சம்.

4. ஓர்த், உன்மேல். பெயரும் உணர்ச்சிகளும் ஆள்மேல் உட்கார்ந்திருக்கும். ‘உன்மேல் என்ன பெயர் இருக்கிறது?’ என்று கால்வே பக்கம் பெயர் கேட்பார்கள். மன்னிப்புக் கேட்க ‘தா ப்ரோன் ஒரும்’, என்மேல் வருத்தம் இருக்கிறது. பசியும் கோபமும் அதே போல மேலே வந்து உட்காரும்.

5. லத், உன்னோடு. விடைபெறும்போது வரும், கடைசியில் பார்ப்போம்.

தயவுசெய்து என்பதற்கு ‘லெ த ஹெல்’, உன் விருப்பத்தோடு. பெயர் சொல்ல ‘இஸ் மிஷா’ என்று தொடங்கிப் பெயரைச் சேர்த்தால் முடிந்தது.

தமிழர் வழுக்கும் இடம்: ‘நீங்கள்’

ஐரிஷில் தூ என்றால் நீ, ஷிவ் என்றால் நீங்கள். பார்த்தவுடனே நம் மனம் பெரியவர்களுக்கு ஷிவ், நண்பர்களுக்கு தூ என்று பிரித்துவிடும். தவறு. இன்றைய ஐரிஷில் இந்த வேறுபாடு எண்ணிக்கைக்குத்தான். ஒருவர் என்றால் தூ, அவர் எண்பது வயதுப் பாட்டியாக இருந்தாலும், உங்கள் மேலதிகாரியாக இருந்தாலும், குடியரசுத் தலைவராகவே இருந்தாலும். இரண்டு பேர் என்றால் ஷிவ், அவர்கள் குழந்தைகளாக இருந்தாலும்.

ஆகவே ஒருவரிடம் ‘ஜீஅ த்விச்’. கூட்டத்திடம் ‘ஜீஅ தீவ்’. ஒருவருக்கு நன்றி ‘கு ரெவ் மஹ் அகத்’. பலருக்கு ‘கு ரெவ் மஹ் அகிவ்’. தனியாக நிற்கும் பேராசிரியரிடம் மரியாதைக்காக ‘ஜீஅ தீவ்’ என்றால், அவர் தன் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வாய்ப்பு உண்டு. உறவு மொழியான ஸ்காட்லாந்து கேலிக்கில் மரியாதைப் பன்மை உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும்.

மரியாதை காட்ட வழியே இல்லையா? உண்டு, அது கூப்பிடும் முறையில் இருக்கிறது.

பெயரை மாற்றிக் கூப்பிடுவது

ஷான் என்ற பெயருடையவரைக் கூப்பிடும்போது ‘ஷான்’ என்று சொல்லக் கூடாது, ‘அ ஹ்யான்’. மாராவைக் கூப்பிட்டால் ‘அ வாரா’. கரா (நண்பர்) என்பது ‘அ ஹரா’ ஆகும். கடிதங்கள் இப்படித்தான் தொடங்கும். முன்னால் ஒரு ‘அ’ வருகிறது, பெயரின் முதல் எழுத்து மென்மையாகிறது, ஆண் பெயர்களில் கடைசி எழுத்தும் கொஞ்சம் மாறுகிறது. இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை: முருகன் ‘முருகா’ ஆவது, தம்பி ‘தம்பீ’ ஆவது. எட்டாம் வேற்றுமை, விளி. டப்ளின் கோட்டையில் அரசி சொன்ன இரண்டு ‘அ’க்களும் இவைதான். அவர் மேடையில் காட்டிய மரியாதை, விளியைச் சரியாகச் சொன்னதில் இருந்தது.

இந்த விளியிலிருந்து ஒரு ஆங்கிலப் பெயரே பிறந்திருக்கிறது. ஸ்காட்லாந்து கேலிக்கில் ஷேமஸ் என்பவரைக் கூப்பிடும் வடிவம் ‘ஹேமிஷ்’. வெளியே நின்று கேட்டவர்கள் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். முருகன் என்பவருக்குப் பள்ளிச் சான்றிதழில் ‘முருகா’ என்று எழுதிவிட்ட கதை.

முதல் எழுத்து ஏன் மென்மையாகிறது?

ஐரிஷ் எழுத்துக்கூட்டைப் பார்த்து மிரள்பவர்களுக்கு ஒரே மருந்து இந்த மென்மையாக்கல் விதி. சில இலக்கணச் சூழல்களில் சொல்லின் முதல் மெய் இளகும்: ம, ப(b) இரண்டும் வ ஆகும்; ச, த இரண்டும் ஹ ஆகும்; ஃப ஒலியே இல்லாமல் போகும்.

மேலே இரண்டு பண்டிகை வாழ்த்துகளில் ஒன்றில் ‘ஹொனா’, மற்றதில் ‘சொனா’ என்று வந்ததே, கவனித்தீர்களா? இரண்டும் ‘மகிழ்ச்சியான’ என்ற ஒரே சொல். நொல்லிக் (கிறிஸ்துமஸ்) பெண்பால் சொல், அதனால் அடுத்து வரும் அடைமொழி இளகுகிறது. லா (நாள்) ஆண்பால், அதனால் இளகவில்லை. ‘மஹ்’ என்ற ‘நல்ல’, காலைக்கும் இரவுக்கும் பின்னால் ‘வஹ்’ ஆனதும் இதே காரணத்தால்தான்.

தமிழிலும் எழுத்து இளகுகிறது. ‘கல்’லில் உள்ள க வேறு, ‘அகல்’இல் உள்ள க வேறு. நாம் அதை எழுத்தில் காட்டுவதில்லை, ஐரிஷ் காட்டுகிறது. இன்று இளகிய மெய்க்குப் பக்கத்தில் ஆங்கில ‘எச்’ எழுத்தைச் சேர்க்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புழங்கிய பழைய ஐரிஷ் அச்செழுத்தில் மெய்யின் தலைமேல் ஒரு புள்ளிதான் வைத்தார்கள். பார்க்க நம் மெய்யெழுத்துப் புள்ளி மாதிரியே இருக்கும். வேலை மட்டும் வேறு. புள்ளியை எடுத்துவிட்டு எச் போட்டதில்தான் சொற்கள் நீண்டு, பார்த்தாலே பயம் தருபவையாக ஆகிவிட்டன. அழகுக்கு என் ஓட்டு புள்ளிக்குத்தான்.

எப்படி இருக்கிறாய்? மூன்று ஊர், மூன்று கேள்வி

தெற்கே மன்ஸ்டரில்: கொனஸ் அத்தா தூ?
மேற்கே கானக்ட்டில்: கே ஹீ வில் தூ?
வடக்கே அல்ஸ்டரில்: கஜே மர் அத்தா தூ?

மூன்றும் சரி. 1958இல் அரசு ஒரு பொது எழுத்து நடையை வகுத்தது. ஆனால் பேச்சுக்கு ஒரே தரம் கிடையாது. இணையத்தில் ஒரே வாக்கியத்துக்கு மூன்று உச்சரிப்பு கிடைத்தால் அதில் எது பிழை என்று தேட வேண்டாம். ‘ஜீஅ த்விச்’ கூட மேற்கே ‘ஜீஅ க்விச்’ என்று, தமிழ் ‘அகம்’ என்பதில் வரும் க போன்ற தொண்டை ஒலியோடு வரும். ஒரு வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போவது நல்லது.

பதில் எல்லா இடத்திலும் புரியும்: தா மே கு மஹ், நான் நன்றாக இருக்கிறேன்.

‘நலமா?’ என்று கேட்டால் ஆமாம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள நினைத்தால் முடியாது. ஐரிஷில் ஆமாம், இல்லை என்பவற்றுக்குத் தனிச்சொல் கிடையாது. கேள்வியின் வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘இருக்கிறாயா?’ என்றால் ‘தா’ (இருக்கிறேன்) அல்லது ‘நீல்’ (இல்லை, அதாவது ‘இருக்கவில்லை’). ‘சாப்பிட்டாயா?’, ‘சாப்பிட்டேன்’ என்று பேசும் நமக்கு இதுவும் பழகியதே.

போகிறவர் யார், இருப்பவர் யார்?

விடைபெறும் சொல் ‘ஸ்லான்’. பத்திரமாக, முழுமையாக, நோயின்றி என்று பொருள். இதே வேரில் பிறந்ததுதான் ‘ஸ்லான்ச்சா’, உடல்நலம். கோப்பையை உயர்த்தும்போது சொல்வதும் அதுதான், சுகாதாரத் துறையின் பெயரில் இருப்பதும் அதுதான்.

வெறும் ‘ஸ்லான்’ போதும். ஆனால் பாடப்புத்தகம் ஒரு நுட்பம் சொல்லும். போகிறவரைப் பார்த்து இருப்பவர் ‘ஸ்லான் லத்’ என்பார்: நலம் உன்னோடு வரட்டும். இருப்பவரைப் பார்த்துப் போகிறவர் ‘ஸ்லான் அகத்’ என்பார்: நலம் உன்னிடம் இருக்கட்டும். நகர்கிறவருக்கு ‘ஓடு’, நிற்கிறவருக்கு ‘இடம்’. உருபு தெரிந்தால் எது யாருக்கு என்று குழம்ப வழியில்லை. இருவருமே கிளம்பினால்? இருவரும் ‘ஸ்லான் லத்’. மறுபடி சந்திக்கும் எண்ணம் இருந்தால் ‘ஸ்லான் கு ஃபோல்’, இப்போதைக்கு ஸ்லான்.

வீடு திரும்புகிறவருக்கு மட்டும் தனியாக ஒன்று உண்டு: ‘ஸ்லான் அவால்யா’, பத்திரமாக வீடு போய்ச் சேர். பைடன் சொன்ன ‘வாலியா’வும் இதே வீடுதான். ஊரை விட்டு வெளியேறும் சாலையோரப் பலகைகளில் இதை எழுதிவைத்திருப்பார்கள். 1990களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், குடியரசுவாதிகள் (பிரிட்டனைவிட்டு அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்கள்) வாழும் தெருக்களில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் முதுகைக் காட்டி நடந்துபோவது போலச் சுவரோவியம் வரைந்து, அதன்மேலும் இதே இரண்டு சொற்களை எழுதினார்கள்.